ஓடி வரும் கோடு

1928 செப்டம்பரில் நியூயார்க்கின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வால்ட் டிஸ்னியின் பணம் மளமளவென்று கரைந்துகொண்டிருந்தது. அவருக்கு அப்போது வயது 26. கையில் இருந்தது ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற ஏழெட்டு நிமிடக் கார்ட்டூன். படம் முடிந்துவிட்டது, ஒலிதான் பாக்கி. ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளும் வசதி அன்று கிடையாது. வாத்தியக்காரர்கள், தகரம் தட்டுகிறவர், விசில் ஊதுகிறவர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, திரையில் படம் ஓட ஓட ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டும். இசைக்குழுவை நடத்தியவர் கார்ல் எடுவார்ட். மௌனப் படங்களுக்குத் திரையரங்கில் இசை நடத்திப் பழகியவர். அங்கே அரை நொடி முன்னே பின்னே போனாலும் கேட்பாரில்லை. இங்கே ஆட்டின் வாலைத் திருகும் அதே கணத்தில் பாட்டு கிளம்ப வேண்டும். முதல் பதிவு உருப்படவில்லை.

இரண்டாம் பதிவுக்குப் பணம் புரட்ட டிஸ்னியின் காரை விற்றார்கள். இந்த முறை நடத்துநர் பார்க்கும் பிரதியில் ஒரு பந்து அச்சாகியிருந்தது. பந்து எழும்பி விழும், விழும் இடத்தில் தாளம். எடுவார்ட் பந்தைப் பார்த்துக் கையசைத்தார், இசை படத்தோடு ஒட்டிக்கொண்டது. நவம்பர் 18 அன்று காலனி தியேட்டரில் படம் வெளியாகி மிக்கி மவுஸ் உலகப் புகழ் பெற்ற கதை எல்லோருக்கும் தெரியும். இந்த அத்தியாயத்தின் நாயகன் அந்தப் பந்து.

பந்து டிஸ்னியின் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஃப்ளைஷர் சகோதரர்கள் 1924 முதலே பாட்டுக் கார்ட்டூன்கள் எடுத்துவந்தார்கள். திரையில் வரும் பாடல் வரிகளின் மேல் பந்து ஒன்று சொல்லுக்குச் சொல் தாவும், அரங்கம் முழுக்கச் சேர்ந்து பாடும். அந்தப் பந்து எங்கே எப்போது விழ வேண்டும் என்று கணக்கிடுவது டிஸ்னி குழுவுக்கும் கடினமாக இருக்கவில்லை. வில்ஃப்ரெட் ஜாக்சன் என்ற இளம் ஓவியர் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், அவருடைய தாய் இசை ஆசிரியை. ஒலிப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் என்ற மாறாத வேகத்தில் ஓடுகிறது. ஆகவே ஒரு தாளத்தட்டு இத்தனை ஃபிரேம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தட்டுக்கு 12 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. 1440ஐ ஃபிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் தாளவேகம் கிடைத்துவிடும். இசையைத் தாளில் எழுதும்போதே ஓவியங்களின் எண்ணிக்கையும் தெரிந்துவிடுகிறது.

கணக்கு சுலபம்தான். என்னை வியக்கவைப்பது பந்து என்ற தேர்வு. தாளம் வரும் ஃபிரேமில் ஒரு வெள்ளைப் பொட்டை மின்னவிட்டால் போதாதா? அதைச் செய்வது இன்னும் எளிது. ஆனால் அது சரிவராது. ஏன் சரிவராது என்பதைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வகங்கள் காட்டின.

திரையில் ஒரு வெளிச்சம் தோன்றியதும் பொத்தானை அழுத்தச் சொன்னால் நம்மில் பெரும்பாலோருக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை ஆகிறது. சினிமாக் கணக்கில் அது ஐந்தாறு ஃபிரேம். உதடும் பேச்சும் ஐந்து ஃபிரேம் விலகினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆக, மின்னலைப் பார்த்துக் கையசைக்கும் நடத்துநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தாமதமாகவே வருவார். முன்கூட்டியே ஊகித்தால் மட்டுமே நேரத்துக்கு வர முடியும்.

இந்த ஊகத்தை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று ஒலி வரும், அதோடு சேர்ந்து விரலால் மேசையில் தட்ட வேண்டும். அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் புரூனோ ரெப் இந்தத் தட்டலை ஆராய்வதிலேயே பல ஆண்டுகள் செலவிட்டார். தட்டுகிறவர் விரல் பெரும்பாலும் ஒலிக்குச் சற்று முன்பே மேசையைத் தொட்டுவிடுகிறது. மில்லிநொடிக் கணக்கில்தான், ஆனால் முன்பே. மூளை ஒலிக்காகக் காத்திருப்பதில்லை, அடுத்தது எப்போது என்று கணித்துக் கையை முன்னதாகவே அனுப்பிவிடுகிறது. ஒலியை எடுத்துவிட்டு அதே இடைவெளியில் வெளிச்சத்தை மின்னவிட்டால் நிலைமை தலைகீழ். விரல் அலைபாய்கிறது. மின்னல்களுக்கிடையே அரை நொடிக்கும் குறைவாக இருந்தால் பலரால் தாளத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவே முடிவதில்லை. காதோ நொடியில் எட்டில் ஒரு பங்கு இடைவெளியைக்கூடச் சமாளிக்கிறது.

கண்ணுக்குக் காலம் தெரியாது என்று இதிலிருந்து முடிவுகட்டியிருக்கலாம். ஆனால் பிற்பாடு மின்னலுக்குப் பதிலாக, புவியீர்ப்பில் விழுவதைப் போல வேகமெடுத்து விழுந்து எழும்பும் பந்தைத் திரையில் காட்டிப் பார்த்தார்கள். விரல் மறுபடியும் சீரானது, கிட்டத்தட்ட ஒலிக்குத் தட்டும் அளவுக்கு. பிறவியிலிருந்தே காது கேளாதவர்களும் பந்தோடு துல்லியமாகத் தட்டினார்கள்.

மின்னல் வந்த பிறகுதான் வந்தது என்று தெரியும். பந்து அப்படியில்லை. அது இறங்கிவரும் ஒவ்வொரு கணமும் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்ற இரண்டு செய்திகளைச் சொல்லிக்கொண்டே வருகிறது. எப்போது தரையைத் தொடும் என்பதை அதிலிருந்து கண் கணித்துக்கொள்கிறது. டேவிட் லீ என்ற உளவியலாளர் 1981இல் கானெட் என்ற கடற்பறவையை வைத்து இதை அழகாகக் காட்டினார். மீனுக்காகச் செங்குத்தாகக் கடலில் பாயும் இந்தப் பறவை, தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் இறக்கைகளை மடக்கிக்கொள்ள வேண்டும். முன்னதாக மடக்கினால் குறி தப்பும், பிந்தினால் எலும்பு முறியும். உயரத்தையும் வேகத்தையும் அது தனித்தனியாக அறிய வேண்டியதில்லை. கண்ணில் விழும் பிம்பம் எவ்வளவு சீக்கிரம் விரிகிறது என்பதிலிருந்தே மோதலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்பது கிடைத்துவிடுகிறது. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவர் செய்வதும் இந்த வகைக் கணிப்புதான். கண் மோசமான கடிகாரம், ஆனால் நகரும் பொருள் விஷயத்தில் கைதேர்ந்த சோதிடர்.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதில் புதிது எதுவும் இல்லை. பாடகர் தொடையில் போடும் ஆதி தாளத்தைப் பாருங்கள். தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மிருதங்கக்காரர் அந்தக் கையைக் கவனிப்பது கை தொடையைத் தொடும் கணத்துக்காக மட்டுமா? மேலே எழுந்த கை இறங்கிவரும் விதமே அடுத்த தட்டைச் சொல்லிவிடுகிறது. கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு, தட்டும்போது மட்டும் ஒரு விளக்கை எரியவிட்டால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஹாலிவுட்டின் பின்னணி இசைக் கூடங்கள் இந்தப் பாடத்தைப் பந்தில்லாமலே செய்துகாட்டின. அவர்கள் கண்டுபிடித்த சாதனத்தின் பெயர் ஸ்ட்ரீமர். இசைக்கான எடிட்டர் படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, முக்கியமான இடத்துக்கு மூன்று அடி முன்னாலிருந்து ஃபிலிமின் மேல் அடிக்கோலை வைத்து, கூரான ஊசியால் குறுக்காக ஒரு நீண்ட கோடு கீறுவார். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். மூன்று அடி என்றால் 48 ஃபிரேம், சரியாக இரண்டு நொடி. முதல் ஃபிரேமில் கீறல் இடது ஓரத்தில் இருக்கும், அடுத்ததில் மயிரிழை வலப்புறம், இப்படியே நாற்பத்தெட்டாவதில் வலது ஓரம். ஓடவிட்டால் திரையில் ஒரு வெளிச்சக் கோடு இடமிருந்து வலமாக நிதானமாக நகர்ந்துபோகும். அது வலது ஓரத்தைத் தொடும் ஃபிரேமில் ஒரு துளை போட்டிருப்பார்கள், திரையில் வெளிச்சம் பளிச்சென்று வெடிக்கும். அங்கே கதவு அடைபடும், அல்லது முத்தம், அல்லது துப்பாக்கி. மேடையில் நிற்கும் நடத்துநர் கோடு கிளம்பியதுமே இன்னும் இரண்டு நொடி என்று தெரிந்துகொண்டு இசையைக் கொஞ்சம் இழுப்பார் அல்லது நெருக்குவார்.

டிவென்டியத் சென்ச்சுரி ஃபாக்ஸின் இசைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஆல்ஃப்ரெட் நியூமன் இதில் ஒரு நுணுக்கம் சேர்த்தார். ஒற்றைத் துளைக்குப் பதில், ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில ஃபிரேம்களில் துளை. திரையில் அது படபடவென்று துடிக்கும் வெளிச்சம். எந்த ஃபிரேமில் தாளம் விழ வேண்டும் என்று அது அறுதியிட்டுச் சொல்லாது, இந்தப் பக்கத்தில் எங்கோ என்று சொல்லும். துல்லியத்தைக் குறைத்துக்கொண்டது பின்னடைவு என்று தோன்றலாம். எனக்கு இந்த வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான படியாகப் படுவது இதுதான். காதில் ‘டிக் டிக்’ ஒலிக்கவிட்டு வாசிக்கும் கிளிக் டிராக் முறையும் அப்போது இருந்தது. அது ஃபிரேம் பிசகாது, ஆனால் வாசிப்பவரைக் கட்டிப்போட்டுவிடும். கார்ட்டூனுக்கு அது சரி. காதல் காட்சியில் வயலின் மூச்சுவிட வேண்டும். ஸ்ட்ரீமர் சேரவேண்டிய இடத்தை மட்டும் காட்டுகிறது, போகும் வழியை நடத்துநர் கையில் விட்டுவிடுகிறது. எடிட்டிங்கில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த எந்த வழிகாட்டியை வைப்பது என்பதுதான் நாம் போய்ச்சேர வேண்டிய கேள்வி, அதற்கு இங்கேயே பாதிப் பதில் இருக்கிறது.

பிரான்ஸில் டப்பிங்குக்காக இதே எண்ணம் வேறு வடிவம் எடுத்தது. அங்கே திரையின் அடியில் ஒரு நீளப் பட்டை ஓடும், அதில் வசனம் கையால் எழுதப்பட்டிருக்கும். பட்டையின் ஒரு பக்கத்தில் அசையாத செங்குத்துக் கோடு. ஓடிவரும் எழுத்து அந்தக் கோட்டைத் தொடும்போது நடிகர் அந்த அசையை உச்சரிக்க வேண்டும். மூலப் படத்தில் பேசியவர் வார்த்தையை இழுத்தால் எழுத்தும் இழுபட்டு நீளமாக இருக்கும், படபடவென்று பேசினால் நெருக்கமாக இருக்கும். பட்டை ஃபிலிமை விட எட்டு மடங்கு மெதுவாக நகரும், ஆகவே வசனம் வருவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும். எழுதுவதற்கென்றே கையெழுத்துக் கலைஞர்கள் இருந்தார்கள். இன்று பட்டை கணினிக்குள் போய்விட்டது, கோடு அப்படியே நிற்கிறது. கரோக்கே திரையும் பியானோ கற்றுத்தரும் செயலிகளில் மேலிருந்து விழும் கட்டைகளும் இதன் தம்பி தங்கைகள்.

எடிட்டிங் அறைக்கு வருவோம். ஃபிலிம் காலத்தில் நேரத்தைக் கையால் பிடிக்க முடிந்தது. நிமிடத்துக்கு 90 அடி, 1000 அடி ரீல் பதினோரு நிமிடம். எடிட்டர் ஒரு ஷாட்டின் இரு முனைகளையும் பிடித்து நீட்டிப் பார்த்தே, இது இரண்டு நொடிக்கு மேல் என்பார். வெட்ட வேண்டிய இடத்தில் மெழுகுப் பென்சிலால் குறி. ஒரு காட்சி இன்னொன்றில் கரைய வேண்டுமானால் அத்தனை ஃபிரேமுக்கும் குறுக்காக நீளக் கோடு. 1994இல் வெளிவந்த ‘மகாநதி’யை ஆவிட் கணினியில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்பார்கள். அதற்குப் பிறகு கோடம்பாக்கத்திலும் ஃபிலிமை வெட்டித் தொகுக்கும் மூவியோலா இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போயின. ஆனால் கணினித் திரையில் இன்று பார்க்கும் டைம்லைன், அந்த ஃபிலிம் துண்டுகளை மேசையில் கிடத்திவைத்த படம்தான். நேரம் நீளமாகிவிட்டது. கீழே ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வேவ்ஃபார்ம், மேலே வண்ண வண்ண மார்க்கர்கள்.

நேரத்தை நீளமாக்கிப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அதில் மாட்டிய மிகப் பெரிய ஆள் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன். ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ 1938இல் வெளிவந்த படம், இசை புரோகோஃபியேவ். உறைந்த ஏரியின்மேல் நடக்கும் போருக்கு முந்தைய காத்திருப்பைக் காட்டும் பன்னிரண்டு ஷாட்களை எடுத்துக்கொண்டு ஐசன்ஸ்டைன் பின்னாளில் பெரிய வரைபடம் ஒன்று போட்டார். மேலே ஷாட்கள், அடுத்து இசைக்குறிப்பு, அதற்கடியில் ஷாட்டின் அமைப்பு, கடைசியில் அசைவின் வளைகோடு. பாறை சரிந்து இறங்கும் இடத்தில் இசைக்குறிப்பும் இறங்குகிறது, பாருங்கள், படமும் இசையும் ஒன்று என்றார். திரைக்கல்வி நூல்களில் இன்றும் இந்த வரைபடத்தைப் பயபக்தியோடு அச்சிடுகிறார்கள்.

இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லரும் தத்துவவாதி அடோர்னோவும் 1947இல் சினிமா இசை பற்றி எழுதிய நூலில் இதைப் பிரித்து மேய்ந்தார்கள். ஐசன்ஸ்டைன் ஒப்பிட்டது இசையை அல்ல, காகிதத்தில் இசை எழுதப்பட்ட வடிவத்தை என்பது அவர்கள் வாதம். காட்சியின் சட்டத்தைக் கண் கிட்டத்தட்ட ஒரே வீச்சில் வாங்கிக்கொள்கிறது, இசையோ நொடிநொடியாக அவிழ்கிறது. காகிதத்தில் இரண்டும் இடமிருந்து வலமாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் ஒன்றோடொன்று பொருந்துவதுபோலத் தெரிகிறது. நான் இந்த வழக்கில் ஐஸ்லர் பக்கம். வரைபடம் படத்தைவிட அழகாக இருப்பது நல்ல அறிகுறி இல்லை.

டைம்லைனில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பொறி தினமும் விரிக்கப்படுகிறது. வெறிச்சோடிய தெருவும் சந்தைக் கூட்டமும் நாலு நாலு நொடி என்றால் திரையில் இரண்டும் ஒரே நீளக் கட்டம். பார்ப்பவருக்கு முதலாவது நீளம், இரண்டாவது போதாது. பெரிதாக்கிப் பார்த்தால் 12 ஃபிரேம் ஷாட் திரை முழுக்க விரிந்து ‘இவ்வளவு நேரமா?’ என்று கேட்கவைக்கும். சுருக்கிப் பார்த்தால் அரைமணி நேரம் விரற்கடை. இதைவிட மோசமானது பழக்கம். ஒரு ஷாட்டை ஐம்பதாவது தடவை பார்க்கும் எடிட்டருக்கு அதில் உள்ளதெல்லாம் மனப்பாடம். ‘லேக் அடிக்குது’ என்று நாலு ஃபிரேம் எடுப்பார், மறுநாள் இன்னும் நாலு. முதல்முறை பார்க்கிறவருக்கு அந்த எட்டு ஃபிரேம் தேவைப்பட்டிருக்கும்.

வேவ்ஃபார்மும் பொய் சொல்லும். மிருதங்க அடி அதில் செங்குத்தான மதிலாக நிற்கும், அதன் தொடக்கத்தில் மார்க்கர் வைத்தால் தப்பில்லை. பேச்சோ நாதஸ்வரமோ அப்படி இல்லை. 1976இல் உளவியலாளர் ஜான் மார்ட்டனும் சகாக்களும் ஓர் உண்மையைக் கவனித்தார்கள். பதிவு செய்த எண்களின் உச்சரிப்பைத் துல்லியமாகச் சம இடைவெளியில் தொடங்கும்படி அடுக்கினால், கேட்பவருக்கு இடைவெளி சமமாகவே தோன்றுவதில்லை. ஒவ்வோர் அசைக்கும் ‘இங்கே விழுந்தது’ என்று காது உணரும் புள்ளி ஒன்று உண்டு. அது ஒலி தொடங்கும் இடமும் இல்லை, உச்சம் தொடும் இடமும் இல்லை. முதலில் உள்ள மெய்யெழுத்து நீண்டால் புள்ளி தள்ளிப்போகும். அதனால் அலையின் முகட்டைக் கண்ணால் தேடி வெட்டுவதைவிட, ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே மார்க்கர் பொத்தானைத் தட்டுவது நல்லது. சீரான தாளம் என்றால் விரல் ஒரு ஃபிரேம் அளவுக்கு முந்தியிருக்கலாம், எதிர்பாராத ஒலி என்றால் ஐந்தாறு ஃபிரேம் பிந்தியிருக்கும். முன்பு பார்த்த அதே கணக்கு. அதைத் தெரிந்துகொண்டு மார்க்கரை நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான். தட்டு விழும் ஃபிரேமிலேயே வெட்டாமல் ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னதாக வெட்டுகிறவர்கள் தொழிலில் நிறைய. புதிய படத்தைக் கண் வாங்கிக்கொள்ளும் நேரத்தில் தாளம் வந்து சேர்ந்துகொள்ளும்.

அப்படியானால் டைம்லைனில் என்ன வழிகாட்டி வைக்கலாம்? பழைய ஸ்ட்ரீமரையே வைக்கலாம் என்பது என் கட்சி. எந்த மென்பொருளிலும் பத்து நிமிட வேலை. ஒளி ஊடுருவும் ஒரு வெற்று கிளிப், அதன் அடி ஓரத்தில் இடமிருந்து வலமாக நகரும் மெல்லிய கோடு. இரண்டு, மூன்று, ஐந்து நொடி என்று மூன்று நீளத்தில் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து எல்லாவற்றுக்கும் மேலான டிராக்கில் போட்டுவைத்தால், ஷாட்டைப் பார்க்கும்போதே அதில் மிச்சமிருக்கும் நேரம் தெரியும். திரையில் ஓடும் டைம்கோட் எண்களுக்கு இந்தக் குணம் இல்லை. அவற்றைப் படிக்க வேண்டும், படித்துக் கழிக்க வேண்டும், அதற்குள் ஷாட் போய்விடும். கோட்டை நடுவில் ஓடவிடாதீர்கள், கண் அதையே துரத்தும். ஐம்பதாவது தடவையும் இரண்டு நொடி என்றால் இரண்டு நொடிதான் என்று சொல்வதே இதன் பெரிய உபகாரம். எடிட்டருக்கு அலுக்கும், கோட்டுக்கு அலுக்காது. படத்தை வெளியே அனுப்புமுன் அந்த டிராக்கை அணைக்க மறக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நீளங்களை எப்படி அடுக்குவது என்பதற்கு மட்டும் கோட்டிடம் பதில் கிடையாது. திரைப்பட ஆய்வாளர் பாரி சால்ட் 1974இலேயே படங்களின் ஷாட் நீளத்தை அளந்து புள்ளிவிவரமாக்கத் தொடங்கினார். திரைப்பட அறிஞர் டேவிட் போர்ட்வெல்லின் கணக்குப்படி 1930 முதல் 1960 வரையான ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் எட்டிலிருந்து பதினோரு நொடி, நூற்றாண்டின் இறுதியில் மூன்றிலிருந்து ஆறு நொடி. சராசரி பெரிதாக எதையும் சொல்வதில்லை. எல்லா ஷாட்டும் சரியாக மூன்று நொடி என்றால் அரைமணியில் அரங்கம் தூங்கிவிடும். உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங்கும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சுவையானது. 1935 முதல் 2005 வரையான 150 ஹாலிவுட் படங்களின் ஒவ்வொரு ஷாட்டையும் அளந்தார்கள். பிற்காலப் படங்களில் சின்ன ஷாட்கள் சின்ன ஷாட்களோடும் நீண்டவை நீண்டவற்றோடும் கூட்டம் சேர்ந்து, சிற்றலை பேரலை என எல்லா அளவிலும் அலையடிப்பதைக் கண்டார்கள். சலிப்பூட்டும் வேலை ஒன்றை நீண்ட நேரம் செய்பவரின் கவனம் ஏறி இறங்கும் விதத்திலும் இதே வகை அலை உண்டு. எந்த எடிட்டரும் இந்தச் சூத்திரத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வெட்டவில்லை. அந்த அலையால்தான் படம் நன்றாகிறது என்றும் ஆய்வு நிரூபித்துவிடவில்லை.

எடிட்டர் வால்டர் மர்ச் சுவரில் என்ன ஒட்டுகிறார் என்பது தெரியும். ஒவ்வொரு கேமரா அமைப்பிலிருந்தும் ஒரு புகைப்படம். மானிட்டரின் இரு ஓரத்திலும் காகிதத்தில் வெட்டிய குட்டி மனித உருவங்கள். அந்த உருவங்கள் பார்வையாளர்கள், அவர்கள் உயரத்தை வைத்துப் பார்த்தால் மானிட்டர் அரங்கத்தின் பெரிய திரையாகிவிடும். சின்னத் திரையைக் கண் ஒரே பார்வையில் விழுங்கிவிடுகிறது, அதனால் சீக்கிரம் வெட்டத் தூண்டும். பெரிய திரையில் கண் அலைந்து தேட வேண்டும். காகித பொம்மையும் நேரத்துக்கான வழிகாட்டிதான்.

வெட்டும் இடத்தை மட்டும் மர்ச் கண்ணால் தேடுவதில்லை. ஷாட்டை ஓடவிட்டு, இங்கே என்று தோன்றும் கணத்தில் நிறுத்துவார். எந்த ஃபிரேம் என்று குறித்துக்கொள்வார். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு மறுபடி நிறுத்துவார். இரண்டு முறையும் அதே ஃபிரேம் என்றால்தான் வெட்டு. இல்லையென்றால் ஷாட்டைப் பற்றிய தன் எண்ணத்தில்தான் ஏதோ கோளாறு என்று யோசிக்க ஆரம்பிப்பார். ஒரு ஃபிரேம் என்பது நொடியில் இருபத்துநாலில் ஒரு பங்கு. நிறுத்துவது எதிர்வினையாக மட்டும் இருந்தால், இரண்டு முறையும் ஒரே ஃபிரேமில் விழுவது பெரும்பாலும் நடக்காது, நம் எதிர்வினை நேரம் முறைக்கு முறை அதைவிட அதிகமாக ஆடும். நடிகரின் அசைவிலேயே, பேச்சின் இறக்கத்திலேயே ஒரு கோடு ஓடிவருவதை அவர் பார்த்துவிடுகிறார் என்றுதான் அர்த்தம். ‘தி கான்வர்சேஷன்’ படத்தைத் தொகுக்கும்போது, தான் வெட்டத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வெகு அருகில் ஜீன் ஹேக்மன் கண்சிமிட்டுவதை மர்ச் திரும்பத் திரும்பக் கவனித்ததும் இதோடு சேர்ந்ததே.

வழிகாட்டியை நேரத்தில் வைக்காமல் இடத்தில் வைத்தும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். 2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ அதற்குச் சாட்சி. இரண்டு மணி நேரத்தில் சுமார் 2700 ஷாட், சராசரி மூன்று நொடிக்கும் குறைவு. இந்த வேகத்தில் வெட்டிய பல சண்டைப் படங்கள் யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாத குழப்பமாக முடிந்திருக்கின்றன. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஒளிப்பதிவுக் குழுவுக்குக் கொடுத்த கட்டளை எளியது. வியூஃபைண்டரின் நடுவில் உள்ள கூட்டல் குறியில் முக்கியமானது இருக்க வேண்டும், பெரும்பாலும் நடிகரின் மூக்கு. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவத் தயாராவதற்கே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் அப்படித் தேடியலைந்தால் மிகச் சிறிய ஷாட்களில் கணிசமான நேரம் அதிலேயே போய்விடும். பார்க்க வேண்டியது ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே வந்து நின்றால் அந்த ஐந்து ஃபிரேமும் மிச்சம். 480 மணி நேரக் காட்சிப்பதிவை அலசித் தொகுத்த மார்கரெட் சிக்ஸல், அந்த மிச்சத்தைத்தான் செலவழித்தார். அதுவும் போதாதபோது ஷாட்டின் வேகத்திலேயே கைவைத்தார்கள். கணிசமான பகுதி நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடவே இல்லை என்று ஒளிப்பதிவாளர் ஜான் சீல் சொல்லியிருக்கிறார். ஒரு ஷாட் புரியவில்லை என்று தோன்றினால் மெதுவாக்கினார்கள், தேவைக்கு மேல் புரிந்துவிட்டால் இடையிலிருந்து ஃபிரேம்களை உருவினார்கள்.